ஹெச்ஓவா, என்-ஸ்கேலா: மாடல் ரயிலுக்கு ஸ்கேலை எப்படி முடிவு செய்வது?

கேள்வி கேட்டவர் எழுதியது இவ்வளவுதான்: பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது, மாடல் ரயில் தொடங்க ஆசை, ஹெச்ஓ வாங்குவதா, அதைவிடச் சிறிய அளவான என் வாங்குவதா, நீங்களெல்லாம் எப்படி முடிவு செய்தீர்கள்? மேலோட்டமாகப் பார்த்தால் எது நல்ல ஸ்கேல் என்ற கேள்வி மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு: ஒன்றை வாங்கிக் குவித்துவிட்டு இரண்டு வருடம் கழித்து, "அடடா, அதை எடுத்திருக்கலாமே" என்று புலம்பாமல் இருக்க வழி என்ன என்பதுதான். இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். எது நல்ல ஸ்கேல் என்பதற்குப் பதிலே கிடையாது. நான் இருபத்தைந்து வருடமாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன். ஹெச்ஓவில் தொடங்கி, என்-ஸ்கேலுக்குத் தாவி, மறுபடி ஹெச்ஓவுக்கே வந்து சேர்ந்தவன். மிகச் சிறிய இசட், தோட்டத்தில் ஓட்டும் பெரிய ஜி இரண்டையும் நண்பர்களின் லேஅவுட்டில் (தண்டவாளம், நிலையம், மலை எல்லாம் சேர்ந்த அமைப்பில்) ஓட்டிப் பார்த்ததோடு சரி, சொந்தமாகக் கட்டியதில்லை. அவற்றைப் பற்றி நான் சொல்வதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சங்கடம்: "என் ஸ்கேல்" என்று எழுதினால் "என்னுடைய ஸ்கேல்" என்று படிக்கத் தோன்றும். அதனால் நடுவில் கோடு போட்டு "என்-ஸ்கேல்" என்றே எழுதுகிறேன்.

எப்படி முடிவு செய்தீர்கள் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எங்களில் பெரும்பாலோர் முடிவு செய்யவே இல்லை. யாரோ ஒரு பெட்டியைப் பரிசாகக் கொடுத்திருப்பார்கள். அல்லது முதல்முதலாகக் கண்ணில் பட்டு மனதைப் பறித்த எஞ்சின் அந்த ஸ்கேலில் இருந்திருக்கும். அல்லது இந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்த நண்பர் எதை வைத்திருந்தாரோ அதையே நாமும் வாங்கியிருப்போம். உலகத்தில் மிக அதிகமாகப் புழங்குவது ஹெச்ஓ, அடுத்தது என்-ஸ்கேல். ஆகவே தற்செயலாகக் கைக்கு வருவதும் இந்த வரிசையில்தான். இது ஒன்றும் மோசமான காரணமில்லை. நண்பரும் நீங்களும் ஒரே ஸ்கேலில் இருந்தால் உங்கள் வண்டி அவர் தண்டவாளத்தில் ஓடும், எஞ்சின் பழுதானால் காட்ட ஓர் ஆள் இருக்கும். ஆனால் உண்மையான முடிவு பெரும்பாலும் இரண்டாவது லேஅவுட்டில்தான் வருகிறது. அதற்குள் முதல் லேஅவுட் நமக்கு எது பிடிக்கவில்லை என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் அந்த முதல் சுற்றைத் தாண்டிப்போகப் பார்க்கிறீர்கள். முழுதாகத் தாண்ட முடியாது, பாதி முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். ஸ்கேல் என்பது நிஜ வண்டியை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது; கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஹெச்ஓ 1:87, அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயில்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு அளவு வகுத்ததில் கதை தொடங்குகிறது. பிறகு ஒன்றைவிடச் சிறியது வேண்டும் என்றபோது பூஜ்ஜியம் வந்தது. பூஜ்ஜியத்தில் பாதி வந்தபோது "அரைப் பூஜ்ஜியம்" ஆனது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் பூஜ்ஜியத்தை ஓ என்று வாசித்ததில் அது ஓவாகவும் ஹெச்ஓவாகவும் நிலைத்துவிட்டது. பிரிட்டனில் மட்டும் வேறு கூத்து. அங்கே நிஜ எஞ்சின்களே ஐரோப்பாவின் மற்ற எஞ்சின்களைவிடச் சிறியவை. அவற்றை 1:87க்குச் சுருக்கினால் அக்காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் உடலை மட்டும் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்று, அதாவது ஏறத்தாழ 1:76 அளவுக்குப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அதே 16.5 மி.மீ.இல் விட்டுவிட்டார்கள். அதுதான் ஓஓ. கணக்குப் போட்டால் அந்தத் தண்டவாளம் நிஜத்தில் 1257 மி.மீ. அகலத்தைத்தான் காட்டுகிறது, இருக்க வேண்டியது 1435. அண்ணன் உடம்பில் தம்பி செருப்பு போட்ட கதை. ஆனாலும் இன்றுவரை பிரிட்டனில் ஓடுவது பெரும்பாலும் அதுதான். ரசிப்பவர்கள் ரசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொறுக்க முடியாதவர்கள் 18.83 மி.மீ.இல் தாங்களே சக்கரம் மாற்றி, தண்டவாளம் போட்டுக்கொள்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பெட்டியில் அச்சிட்ட எழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. என்-ஸ்கேல் என்று எழுதியிருக்கும் மூன்று பெட்டிகள் மூன்று அளவில் இருக்கலாம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1:160, பிரிட்டன் 1:148, ஜப்பான் 1:150, மூன்றும் ஓடுவது 9 மி.மீ. தண்டவாளத்தில். பிரிட்டிஷ் வண்டியை ஜெர்மன் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எட்டு சதவீதம் பெரிதாக இருக்கும். முதலில் கண்ணுக்குத் தெரியாது, தெரிந்த பிறகு அது மட்டும்தான் தெரியும். ஓ-ஸ்கேலிலும் அப்படித்தான்: 1:48, 1:45, 1:43.5 என மூன்று உண்டு, தண்டவாளம் 32 மி.மீ. உங்களுக்குப் பிடித்த ரயில் 1676 மி.மீ. அகலப்பாதையில் ஓடுவதாக இருந்தால், 1:87இல் தண்டவாளம் 19.3 மி.மீ. இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளம் அதைவிட ஏறக்குறைய 3 மி.மீ. குறைவு. அந்த 3 மி.மீ. உங்களை உறுத்துமா உறுத்தாதா என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு உறுத்தாது. உறுத்தித் தூக்கம் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, அறைக்கு வருவோம். அறை சிறியதென்றால் சின்ன ஸ்கேல் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. அறையின் பரப்பைவிட இரண்டு அளவுகள்தான் ஸ்கேலைத் தீர்மானிக்கின்றன: நீங்கள் ஓட்ட ஆசைப்படும் ரயிலின் நீளம், அது திரும்ப வேண்டிய வளைவின் ஆரம். இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை, வெறும் வகுத்தல் கணக்கு. நிஜத்தில் 23.5 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி ஹெச்ஓவில் 27 செ.மீ., என்-ஸ்கேலில் 15 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, 1:43.5இல் 54 செ.மீ. பத்துப் பெட்டியும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் ஹெச்ஓவில் சுமார் 3 மீட்டர். உங்கள் அறையின் நீளச்சுவர் முழுசும் அவ்வளவுதான்! அந்த ரயில் நிற்க ஒரு நிலையம் கட்டினால் நிலையம் மட்டும்தான் இருக்கும், அதிலிருந்து எங்கேயும் போக முடியாது. என்-ஸ்கேலில் அதே ரயில் 1.6 மீட்டர். இரு பக்கமும் பாயின்ட் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) போட்டு, வெளியே விட்டு, ஒரு பாலமும் கட்டலாம். ஓ-ஸ்கேலில் 6 மீட்டர். அதைப் பேச வேண்டாம். ஆனால் உங்களுக்குப் பிடித்தது நான்கு பெட்டி பாசஞ்சர் வண்டி என்றால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும்.

வளைவில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். முதல் லேஅவுட்டில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் 457 மி.மீ. ஆரமுள்ள வளைவுகளைப் போட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு விற்கும் ஹெச்ஓ செட்டுகளில் சாதாரணமாக வரும் வளைவுதான் அது. அதன்மேல் 30 செ.மீ. நீளப் பயணிகள் பெட்டிகளை விட்டேன். மூன்றாவது பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே ஸ்லீப்பர் கட்டையில், முன்சக்கரத்தைத் தூக்கி வெளியே வைக்கும். தண்டவாள இணைப்பை அரத்தால் ராவினேன். பெட்டிக்குள் எடை வைத்தேன். தண்டவாளத்தை மூன்று முறை பெயர்த்துப் போட்டேன். கடைசியில் குனிந்து தண்டவாளத்தின் மட்டத்தில் கண்ணை வைத்து, கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு பெட்டிகளின் முனைகளும் வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன, பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் ஒரு பக்கமாக அடித்து நின்று அடுத்த பெட்டியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. தண்டவாளத்தில் குற்றமில்லை, வடிவக்கணக்கில்தான் குற்றம். இந்தத் துறையில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: வளைவின் ஆரம் மிக நீளமான பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும், பார்க்கவும் அழகாக இருக்க வேண்டுமென்றால் ஐந்து மடங்கு. இது விதியில்லை, அனுபவச் சுருக்கம். மீறியும் ஓட்டலாம், கப்ளிங் வகையைப் பொறுத்தது. மூன்று மடங்கு என்று வைத்தால் அந்தப் பெட்டிகளுக்கு 90 செ.மீ. ஆரம் வேண்டும். வண்டி முழுதாகத் திரும்பிவர வேண்டுமென்றால் அகலம் மட்டும் இரண்டு மீட்டர் போய்விடும். உங்கள் அறையின் குறுக்களவு 2.44 மீட்டர். என்-ஸ்கேலில் அதே திருப்பம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும்.

இதைப் படித்ததும் என்-ஸ்கேல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நடுவில் மேசை போடாமல் சுவரோரமாக 40 அல்லது 45 செ.மீ. அகலத்தில் அலமாரிபோல் சுற்றிக்கொண்டு போனால், ஒவ்வொரு மூலையிலும் கால் வட்டம்தான் வளைய வேண்டும். 90 செ.மீ. ஆரத்தில் இரண்டு மூலைகள் போக அந்தக் குறுஞ்சுவரில் சுமார் அரை மீட்டர் நேராகவும் மிஞ்சும். நீங்கள் நடுவில் நின்றுகொள்வீர்கள். அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று: ஸ்கேல் சுருங்கினாலும் மனிதன் சுருங்குவதில்லை. நடக்க 60 செ.மீ. வழி எந்த ஸ்கேலிலும் வேண்டும்; கை எட்டும் தூரம் எந்த ஸ்கேலிலும் 75 செ.மீ.தான். நாலடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் மூலையில் கவிழ்ந்த பெட்டியை எடுக்கப் பலகைமேல் ஏறித்தான் ஆக வேண்டும், அது என்-ஸ்கேலாக இருந்தாலும்.

அடுத்து, இந்தப் பொழுதுபோக்கில் உங்களுக்கு எது பிடிக்கிறது? ஓடுவதைப் பார்ப்பதா, ஓட்டுவதா, கட்டுவதா? கேட்டால் எல்லாரும் மூன்றும் என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். மாலையில் அரைமணி நேரம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வந்துவிடும். நாற்காலியில் சாய்ந்து, மலைக்கு நடுவே நீண்ட ரயில் ஒன்று நுழைந்து மறைவதைப் பார்ப்பீர்கள் என்றால் என்-ஸ்கேலுக்கு நிகரில்லை. நிஜத்தில் ஒரு கிலோமீட்டர் அதில் 6.25 மீட்டர், ஹெச்ஓவில் 11.5 மீட்டர். 15 மீட்டர் மரம் என்-ஸ்கேலில் 9 செ.மீ.தான், ஆகவே மலை மலையாகத் தெரியும், ரயில் அதற்குள் அடங்கியிருக்கும். மாறாக, வேகன்களைப் பிரித்து, சேர்த்து, சரியான வரிசையில் நிறுத்தும் ஷண்டிங் வேலைதான் சுகம் என்றால், நீங்கள் அந்த முழு அறையைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. இங்கில்நுக் என்று ஒரு பிரபலமான சின்ன அமைப்பு இருக்கிறது: இரண்டே பாயின்ட், மூன்று சைடிங் (வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடம்); ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. மொத்தம் எட்டு வேகன்; சீட்டுக் குலுக்கி வரும் ஐந்தை, வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். 6720 விதமான வரிசைகள் வரும். சிறிய வேகன்கள் என்றால் ஹெச்ஓவில் ஒன்றரை மீட்டர் பலகையில் அடங்கிவிடும். ஓ-ஸ்கேலிலேயே இதைச் செய்து வருடக்கணக்காகச் சலிக்காமல் இருப்பவர்கள் உண்டு. எஞ்சினின் கனமும் சத்தமும் அதில் கையிலேயே தெரியும்.

கை, கண் பற்றி. ஒன்றேமுக்கால் மீட்டர் ஆள் ஹெச்ஓவில் 2 செ.மீ., என்-ஸ்கேலில் 11 மி.மீ., இசட்டில் 8 மி.மீ. பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா, வாங்கி நிறுத்தப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து இது முக்கியம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய விஷயம் எடை. நீளம் ஏறத்தாழ பாதியாகும்போது எடை பாதியாவதில்லை. ஒரே வடிவமான எஞ்சின் என்-ஸ்கேலில் ஹெச்ஓவின் ஆறில் ஒரு பங்கு எடைதான். எடை குறைந்தால் சக்கரம் தண்டவாளத்தை அழுத்துவது குறையும், தண்டவாளத்திலிருந்து எஞ்சினுக்கு மின்சாரம் ஏறுவது தடுமாறும். தூசியோ எந்த ஸ்கேலிலும் அதே தூசிதான், அது 1:160க்குச் சுருங்கி வருவதில்லை. அதனால் என்-ஸ்கேலில் பாயின்ட்டின் மேல் ஊர்ந்துபோகும் எஞ்சின் திடீரென்று நின்றுவிடும். விரலால் லேசாகத் தொட்டால் கிளம்பும். டிஷ்யூ காகிதத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சொட்டி, தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு முனைச் சக்கரங்கள் காகிதத்திலும் மறுமுனைச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு ஓடவிட்டுப் பாருங்கள். பத்து நொடியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். ஹெச்ஓவிலும் விழும்தான், ஆனால் அங்கே அந்த அழுக்கோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். நான் என்-ஸ்கேலை விட்டதற்குக் காரணம் இடமில்லை, இதுதான்: மெதுவாக ஷண்டிங் செய்வதில் எனக்கு ஆசை, அங்கேதான் அது அதிகம் சோதிக்கும். வேகமாகச் சுற்றி ஓட்டுகிறவருக்கு இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. நாற்பது தாண்டினால் என்-ஸ்கேல் வேண்டாம் என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எழுபது வயதில் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியோடு என்-ஸ்கேல் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவரோடு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதுவரை சொன்னதில் கணக்கு எல்லாம் உறுதி. கை, கண், சுகம் பற்றியவை என் கருத்து. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது வருடத்துக்கு வருடம் மாறும்: எந்த ஸ்கேலில் எது கிடைக்கிறது என்பது. இதற்கு என் பதிலைவிட உங்கள் தேடல்தான் நல்லது. உங்களுக்குப் பிடித்த ரயில்வே, பிடித்த காலகட்டம், கட்டாயம் வேண்டும் என்று நினைக்கும் ஓர் எஞ்சின், இரண்டு வகைப் பெட்டி இவற்றைத் தாளில் எழுதி, எந்த விகிதத்தில் தயாராகக் கிடைக்கிறது என்று பாருங்கள். பல சமயம் ஸ்கேல் அந்தத் தாளிலேயே முடிவாகிவிடும். டிடி என்ற 1:120 அளவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் 12 மி.மீ. ஹெச்ஓவுக்கும் என்-ஸ்கேலுக்கும் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து அங்கே மங்கிப்போய், கிழக்கு ஜெர்மனியிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வேர்விட்டது. 2022இல் ஹார்ன்பி நிறுவனம் பிரிட்டிஷ் வண்டிகளையும் அதே 1:120இல் அறிவித்தது. வெறும் அளவை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் எனக்கு இதுதான் முதலிடம். ஆனால் நான் விரும்பும் வண்டிகள் அதில் இல்லை, கதை முடிந்தது. 1:64 ஆன எஸ்-ஸ்கேலும் அப்படியே: கட்டத் தெரிந்தவர்களின் ஸ்கேல். மார்க்லின் 1972இல் கொண்டுவந்த இசட், 1:220, ஒரு சூட்கேஸுக்குள் லேஅவுட் வைத்திருப்பவர்களுக்கு. தோட்டத்தில் ஓட்டும் ஜி வகையில் தண்டவாளம் 45 மி.மீ. எல்ஜிபி என்ற ஜெர்மன் பிராண்ட் 1968இல் 1:22.5இல் தொடங்கியது மீட்டர்கேஜைக் காட்டத்தான். இப்போது அதே தண்டவாளத்தில் 1:32, 1:29, 1:20.3 எல்லாம் ஓடுகின்றன, வாங்கும்போது விகிதத்தைப் பாருங்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. ஓஎன்30 என்பது 1:48 அளவு வண்டியை ஹெச்ஓ தண்டவாளத்தில் ஓட்டுவது, குறுகிய பாதை ரயிலைக் காட்டுவதற்காக. உருவங்கள் பெரியவை, எஞ்சின்கள் குட்டையானவை, வளைவு இறுக்கமாக இருந்தாலும் நிஜத்திலும் அப்படித்தான் இருக்கும் என்பதால் உறுத்தாது. சின்ன அறை, பெரிய கைகள் உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன்? பத்துப் பெட்டி ரயில்தான் கனவு என்றால் என்-ஸ்கேல், யோசிக்க வேண்டாம். இல்லையென்றால் சுவரோரமாக ஹெச்ஓ. எதுவானாலும் முதல் மாதத்தில் ஓர் எஞ்சின், இரண்டு பெட்டி, ஒரு மீட்டர் தண்டவாளம், ஒரு பாயின்ட், இதற்குமேல் வாங்க மாட்டேன். அதை மேசைமேல் போட்டு முன்னும் பின்னும் ஓட்டுவேன், தடம் புரளவைத்துக் கண்ணாடி இல்லாமல் மறுபடி ஏற்றிப் பார்ப்பேன், கப்ளிங்கைக் கையால் பிரித்துச் சேர்ப்பேன். அலுத்துப்போகிறதா, இன்னும் பத்து நிமிடம் என்று இழுக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அறைத் தரையில் சாக்பீஸால் வளைவை முழு அளவில் வரைவேன். காகிதத்தில் 90 செ.மீ. ஆரம் சின்னதாகத் தெரியும், தரையில் வரைந்து நடுவில் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று புரியும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: அறைக் கதவு எங்கே இருக்கிறது, உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா? உள்பக்கம் திறந்தால் சுவரோரத் திட்டத்தில் அந்த மூலை போய்விடும், இல்லையென்றால் கதவுக்குக் குறுக்கே எடுத்து மாட்டும் பாலம் ஒன்று செய்ய வேண்டும். அதைச் சொல்லுங்கள், எந்த மூலையில் எவ்வளவு ஆரம் வரும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.